தசைநார் மறுசீரமைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் முழங்காலின் இயக்கத்தை மீட்டெடுத்தல்

முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் அறுந்தவர்களுக்குச் செய்யப்படும் மறுசீரமைப்பு அறுவை சிகிச்சை பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் நிறைவடைந்துவிடும். ஆனால் அந்த முழங்கால் மீண்டும் வலுவும் உறுதியும் பெறுவதற்கு ஒன்பது மாதங்கள் முதல் ஓராண்டு வரை தேவைப்படும். அறுவை சிகிச்சை மூட்டுக்குள் ஒரு புதிய நாரைப் பொருத்தித் தருகிறது. அந்த நாரைக் காத்து, சுற்றியுள்ள தசைகளை வலுப்படுத்தி, காலைப் பழைய பயன்பாட்டிற்குக் கொண்டுவருவது அதன் பின் தொடரும் இயன்முறைப் பயிற்சியே ஆகும்.

இந்த நீண்ட காலத்தில் இருவகைத் தவறுகள் பரவலாக நிகழ்கின்றன. முதல் சில வாரங்களில் வலிக்கும் அச்சத்திற்கும் ஆட்பட்டுக் காலை அசைக்காமலேயே வைத்திருப்பது முதலாவது தவறு. மூன்று மாதங்கள் கடந்தபின், வலி இல்லை என்பதாலேயே முழுமையாகக் குணமாகிவிட்டதாகக் கருதி ஓடவும் விளையாடவும் சுமை தூக்கவும் தொடங்குவது இரண்டாவது தவறு. முதலாவது மூட்டை விறைக்கச் செய்யும். இரண்டாவது புதிய நாரையே அறுத்துவிடக்கூடும். இவ்விரண்டையும் தவிர்க்க நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்பவர்களும் அறிந்திருக்க வேண்டியவை இப்பக்கத்தில் விளக்கப்படுகின்றன.

முன்சிலுவைத் தசைநார் என்பது யாது?

முழங்கால் மூட்டில் தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கின்றன. இவ்விரு எலும்புகளையும் இணைத்துப் பிடிக்கும் உறுதியான நார்களே தசைநார்கள். மூட்டின் நடுவில் இரண்டு தசைநார்கள் சிலுவை வடிவில் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து செல்கின்றன. அவற்றுள் முன்புறம் அமைந்திருப்பது முன்சிலுவைத் தசைநார். மருத்துவர்கள் இதனை ஏ.சி.எல். என்று சுருக்கமாகக் குறிப்பிடுவர். கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும், உடல் திரும்பும்போது மூட்டு அளவுக்கு மீறிச் சுழலாமலும் காப்பது இதன் பணி.

பேச்சு வழக்கில் 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்று கூறுவதுண்டு. இச்சொல் தசைநாரையும் குறிக்கலாம். எலும்புகளுக்கு இடையே மெத்தை போல அமைந்துள்ள பிறை வடிவக் குருத்தெலும்பையும் குறிக்கலாம். இரண்டும் வெவ்வேறு உறுப்புகள். அவற்றிற்கான கட்டுப்பாடுகளும் வெவ்வேறானவை. தமக்கு எது கிழிந்தது, எது சரிசெய்யப்பட்டது என்பதை மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டு, மருத்துவமனையிலிருந்து வழங்கப்படும் விடுவிப்புச் சுருக்கத்தில் குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

கபடி, கால்பந்து, கூடைப்பந்து போன்ற விளையாட்டுகளில் ஓடும்போது திடீரெனத் திரும்புவதும், குதித்து இறங்கும்போது கால் பிசகுவதும், இருசக்கர வாகன விபத்துகளும் இத்தசைநார் அறுவதற்கான காரணங்களாகும். முழுமையாக அறுந்த எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. முழங்கால் அடிக்கடி நழுவுபவர்கள், திரும்பியும் குதித்தும் விளையாடும் விளையாட்டு வீரர்கள், கடின உடலுழைப்பில் ஈடுபடுபவர்கள் ஆகியோருக்கே இது பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது.

அறுவை சிகிச்சையில் செய்யப்படுவது

அறுந்த நாரைத் தைத்து ஒட்டவைப்பது பெரும்பாலும் பயன் தருவதில்லை. ஆகவே நோயாளியின் உடலிலிருந்தே ஒரு தசைநாண் எடுக்கப்பட்டு, பழைய தசைநார் இருந்த இடத்தில் பொருத்தப்படுகிறது. தசைநாண் என்பது தசையை எலும்புடன் இணைக்கும் பகுதி. தொடையின் பின்புறத் தசைநாண், முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாண், சில்லுக்கு மேலுள்ள தசைநாண் ஆகியவற்றுள் ஒன்று இதற்குப் பயன்படுகிறது. இவ்வாறு பொருத்தப்படும் நாரை இங்கு ஒட்டுநார் என்று குறிப்பிடுகிறோம். எலும்புகளில் சிறு துளைகளிட்டு, ஒட்டுநாரை அவற்றின் வழியே செலுத்தி, திருகாணி அல்லது சிறு பொத்தான் போன்ற கருவியால் நிலைநிறுத்துவர்.

எங்கிருந்து தசைநாண் எடுக்கப்பட்டதோ, அந்த இடமும் ஆற வேண்டும். தொடையின் பின்புறத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தால், அத்தசைக்குச் சுமை கொடுத்து மடக்கும் பயிற்சிகளைத் தொடக்க வாரங்களில் தவிர்க்க வேண்டும். சில்லுக்குக் கீழிருந்து எடுக்கப்பட்டிருந்தால், மண்டியிடும்போது நீண்ட காலத்திற்கு வலி இருக்கக்கூடும்.

ஒட்டுநார் உயிர்பெறும் விதம்

புதிதாகப் பொருத்தப்பட்ட ஒட்டுநாருக்குத் தொடக்கத்தில் இரத்த ஓட்டம் இல்லை. முதல் வாரங்களில் அதிலுள்ள பழைய உயிரணுக்கள் மடிகின்றன. பின்னர் சுற்றியுள்ள திசுக்களிலிருந்து புதிய இரத்தக் குழாய்களும் உயிரணுக்களும் அதனுள் வளர்கின்றன. அதன் பிறகே அது சிறிது சிறிதாக ஒரு தசைநாரின் தன்மையைப் பெறுகிறது. இம்மாற்றம் நிறைவடைய ஓராண்டு அல்லது அதற்கும் மேலாகலாம்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஏறத்தாழ ஆறாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலத்தில் ஒட்டுநார், பொருத்தப்பட்ட அன்று இருந்ததைக் காட்டிலும் வலுக்குறைந்த நிலையில் இருக்கும். அதே காலத்தில்தான் வலியும் வீக்கமும் குறைந்து, ஊன்றுகோலின்றி நடக்க இயன்று, நோயாளிக்கு 'இனிச் சிக்கலில்லை' என்ற எண்ணம் தோன்றுகிறது. மூட்டு நன்றாக இருப்பதாகத் தோன்றும் காலமும் ஒட்டுநார் மிக நலிந்திருக்கும் காலமும் ஒன்றாக அமைகின்றன. வலி இல்லாமை என்பது ஒட்டுநார் முதிர்ந்துவிட்டதற்கான சான்று அன்று. எனவே, அடுத்த கட்டப் பயிற்சிக்குச் செல்வதை வலியின் அளவைக் கொண்டோ நாட்காட்டியைக் கொண்டோ மட்டும் முடிவு செய்யலாகாது. கடந்துள்ள காலம், மூட்டின் நிலை, தசையின் வலு ஆகிய மூன்றையும் சேர்த்தே இயன்முறை மருத்துவர் முடிவு செய்வார்.

முதல் இரண்டு வாரங்கள்: நேராக்குதலும் வீக்கம் குறைத்தலும்

இக்கட்டத்தின் முதன்மை நோக்கம் முழங்காலை முழுமையாக நேராக நீட்டுவது. மடக்குவதைவிட நீட்டுவதே இப்போது முக்கியம். முதல் வாரங்களில் மூட்டு சிறிதளவு மடங்கிய நிலையிலேயே இருக்குமானால், மூட்டின் முன்பகுதியில் தழும்புத் திசு வளர்ந்து பிற்காலத்தில் நீட்டவே இயலாமற் போகலாம். அவ்வாறு நேர்ந்தால் நடை நொண்டும். தொடைத் தசை மெலியும். சிலருக்கு மீண்டும் அறுவை சிகிச்சை தேவைப்படும்.

படுத்திருக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது இதமாக இருக்கும். ஆயினும் அது மூட்டை மடக்கியே வைத்திருப்பதால் கட்டாயம் தவிர்க்கப்பட வேண்டும். காலை உயர்த்தி வைக்க விரும்பினால், கெண்டைக்கால் முதல் குதிகால் வரை தாங்குமாறு தலையணையை வைத்து, முழங்கால் நேராக இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவர் வேறுவிதமாகக் கூறாவிடில், கீழ்க்காணும் பயிற்சிகள் பொதுவாக முதல் நாள் அல்லது இரண்டாம் நாளிலேயே தொடங்கப்படுகின்றன.

• கணுக்கால் அசைத்தல்: பாதத்தை மேலும் கீழுமாக அசைக்க வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை 10 முதல் 20 தடவை செய்யலாம். இது காலில் இரத்தம் உறைவதைத் தடுக்க உதவும்.

• குதிகாலைத் தாங்கி நீட்டுதல்: சுருட்டிய துண்டு ஒன்றைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முழங்கால் தன் எடையால் தாழ்ந்து நேராகுமாறு 5 முதல் 10 நிமிடங்கள் வரை இருக்க வேண்டும். நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை செய்யலாம்.

• தொடை முன்தசையை இறுக்குதல்: காலை நீட்டி, முழங்காலின் பின்புறத்தால் படுக்கையை அழுத்துவது போலத் தொடையின் முன்தசையை இறுக்கி 5 நொடிகள் நிறுத்தித் தளர்த்த வேண்டும். 10 முறை கொண்ட சுற்றுகளாக நாள் முழுவதும் செய்யலாம்.

• குதிகாலை இழுத்து மடக்குதல்: படுத்தவாறு அல்லது அமர்ந்தவாறு குதிகாலைப் படுக்கையில் உரசிக்கொண்டே மெதுவாக உடலை நோக்கி இழுக்க வேண்டும். இரண்டாம் வாரத்தின் முடிவில் 90 பாகை வரை மடக்க இயல்வது பொதுவான இலக்கு.

• காலை நேராக உயர்த்துதல்: தொடை முன்தசையை இறுக்கி, முழங்கால் சிறிதும் மடங்காமல் உயர்த்த முடிந்தால் மட்டுமே இதனைச் செய்ய வேண்டும்.

அறுவை சிகிச்சைக்குப் பின் தொடையின் முன்தசை 'உறங்கிவிட்டது' போலச் செயலற்றிருப்பது இயல்பு. மூட்டிலுள்ள வீக்கமே அத்தசைக்குச் செல்லும் நரம்புத் தூண்டலைத் தடுக்கிறது. ஆகவே வீக்கத்தைக் குறைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. பனிக்கட்டியை ஈரத்துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடங்கள் வரை, நாளொன்றுக்குப் பலமுறை ஒத்தடம் கொடுக்கலாம். பனிக்கட்டியை நேரடியாகத் தோலின் மீது வைக்கலாகாது. காயத்தின் கட்டு நனையவும் கூடாது.

ஊன்றுகோல் துணையுடன் நடக்கும்போது, அறுவை செய்த காலில் எவ்வளவு எடையைத் தாங்கலாம் என்பதை மருத்துவர் கூறுவார். தசைநார் மட்டும் சரிசெய்யப்பட்டிருந்தால், தாங்கும் அளவிற்கு எடை வைத்து நடக்கப் பெரும்பாலும் அனுமதிக்கப்படும். பிறை வடிவக் குருத்தெலும்பும் தைக்கப்பட்டிருந்தால், நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை எடை வைப்பதற்கும் 90 பாகைக்கு மேல் மடக்குவதற்கும் கட்டுப்பாடு இருக்கலாம். ஒரே மருத்துவமனையில், ஒரே நாளில் அறுவை சிகிச்சை பெற்ற இருவருக்கு வெவ்வேறு அறிவுரைகள் வழங்கப்படுவது இதனால்தான். பக்கத்துப் படுக்கையில் இருப்பவரைப் பார்த்துத் தம் பயிற்சியை மாற்றிக்கொள்ளுதல் கூடாது.

மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை: நடையும் தொடை வலுவும்

ஊன்றுகோலைக் கைவிடுவதற்கு நாள் கணக்கு மட்டும் போதாது. முழங்காலை முழுமையாக நீட்ட முடிதல், காலை நேராக உயர்த்தும்போது மடங்காதிருத்தல், நொண்டாமல் நடத்தல் ஆகிய மூன்றும் வேண்டும். நொண்டிக்கொண்டு ஊன்றுகோலின்றி நடப்பதைவிட, ஊன்றுகோலுடன் சீராக நடப்பதே நன்று. தவறான நடை பழகிவிட்டால் பின்னர் அதை மாற்றுவது கடினம்.

இக்கட்டத்தில் நிலையான மிதிவண்டிப் பயிற்சி, சுவரில் சாய்ந்து சிறிதளவு மட்டும் தாழ்ந்து எழுதல், குறைந்த உயரமுள்ள படியில் ஏறி இறங்குதல், குதிகாலை உயர்த்தி நிற்றல், ஒற்றைக் காலில் நின்று சமநிலை பேணுதல் ஆகியவை படிப்படியாகச் சேர்க்கப்படும். ஆறாம் வாரமளவில் ஏறத்தாழ 120 பாகை வரை மடக்க இயல்வது எதிர்பார்க்கப்படுகிறது.

பயிற்சியின் அளவு சரியானதா என்பதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. பயிற்சிக்குப் பின் சிறிது வலி தோன்றி அன்றே தணிந்தால் அளவு சரியானது. மறுநாள் காலையில் முழங்கால் முன்னைவிட வீங்கியிருந்தாலோ, வலி நீடித்தாலோ அளவு மிகுந்துவிட்டது என்று பொருள். அப்போது பயிற்சியை முற்றிலும் நிறுத்த வேண்டியதில்லை. அளவைக் குறைத்து, இயன்முறை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

இந்த வாரங்களில் ஈரத்தரையில் வழுக்குதல், பேருந்திலிருந்து குதித்து இறங்குதல், படிகளைத் தாவி ஏறுதல், குழந்தைகளுடன் ஓடியாடுதல் ஆகியவற்றால் ஒட்டுநாருக்குத் தீங்கு நேரலாம். கால் ஊன்றிய நிலையில் உடலை மட்டும் திருப்பக்கூடாது; சிறு சிறு அடிகளாக எடுத்து வைத்தே திரும்ப வேண்டும்.

மூன்றாம் மாதம் முதல் ஒன்பதாம் மாதம் வரை: பொறுமை தேவைப்படும் காலம்

பயிற்சியைக் கைவிடுவோர் பெரும்பாலும் இக்கட்டத்தில்தான் கைவிடுகின்றனர். வலி இல்லை, நடை இயல்பாகிவிட்டது, வேலைக்கும் திரும்பியாயிற்று, எனவே மருத்துவமனைக்குச் செல்வது தேவையற்றதாகத் தோன்றும். ஆனால் தொடையின் முன்தசை இன்னும் மறுகாலுக்கு நிகரான வலுவைப் பெற்றிருக்காது. இரு தொடைகளையும் ஒரே உயரத்தில் அளவு நாடாவால் அளந்து பார்த்தால், அறுவை செய்த கால் மெலிந்திருப்பது பலருக்குப் புலப்படும். அத்தசையே முழங்காலின் அதிர்வைத் தாங்குவது. அது வலுவற்றிருக்கும்போது சுமை முழுவதும் மூட்டின் மீதும் ஒட்டுநாரின் மீதும் விழுகிறது.

மெல்லோட்டம் பொதுவாகப் பன்னிரண்டாம் வாரத்திற்கு முன் அனுமதிக்கப்படுவதில்லை. அதன் பின்னும், மூட்டில் வீக்கம் இல்லாமை, முழுமையான நீட்டல், போதிய தசைவலு ஆகியவை உறுதிசெய்யப்பட்ட பிறகே, சமமான தரையில், நடையும் ஓட்டமும் மாறிமாறி வருமாறு தொடங்கப்படும். இரு கால்களால் குதித்தல், ஒற்றைக் காலால் குதித்தல், திசை மாற்றி ஓடுதல் ஆகியவை இதற்குப் பின்னரே வரிசையாகச் சேர்க்கப்படும். குதித்து இறங்கும்போது முழங்கால் உட்புறமாகச் சாயாமல், பாதத்திற்கு நேராக மடங்குமாறு பழகுவது மீண்டும் காயமடைவதைத் தடுப்பதற்கு இன்றியமையாதது.

விளையாட்டிற்குத் திரும்புதல்

கபடி, கால்பந்து, கூடைப்பந்து, பூப்பந்து போன்று திரும்பியும் குதித்தும் ஆடும் விளையாட்டுகளுக்கு ஒன்பது மாதங்களுக்கு முன் திரும்பலாகாது. நார்வே நாட்டில் 106 பேரைப் பின்தொடர்ந்து 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று இதனைத் தெளிவுபடுத்துகிறது. ஒன்பதாம் மாதம் வரை விளையாட்டிற்குத் திரும்புவதை ஒத்திவைத்த ஒவ்வொரு மாதத்திற்கும், மீண்டும் முழங்காலில் காயமடையும் வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாக அவ்வாய்வு கண்டறிந்தது. மேலும், தகுதித் தேர்வுகளில் தேறாமலேயே விளையாடத் திரும்பியவர்களில் 38 விழுக்காட்டினர் மீண்டும் காயமடைந்தனர். தேறிய பின் திரும்பியவர்களில் அவ்வாறு காயமடைந்தோர் 6 விழுக்காட்டிற்கும் குறைவு.

அத்தகைய தேர்வுகளில் பொதுவாகக் கவனிக்கப்படுபவை:

• தொடை முன்தசையின் வலு மறுகாலின் வலுவில் 90 விழுக்காடாவது இருத்தல். எடுத்துக்காட்டாக, நல்ல கால் 40 கிலோ எடையைத் தள்ள இயலுமானால், அறுவை செய்த கால் 36 கிலோவையாவது தள்ள இயல வேண்டும்.
• ஒற்றைக் காலால் தாவும் தொலைவு மறுகாலின் தொலைவில் 90 விழுக்காடாவது இருத்தல்.
• முழுமையான நீட்டலும் மடக்கலும் இருத்தல். பயிற்சிக்குப் பின் வீக்கம் தோன்றாதிருத்தல்.
• மூட்டு நழுவும் உணர்வு இல்லாதிருத்தல்.
• மீண்டும் காயமடைவோம் என்ற அச்சமின்றிக் காலை நம்பிப் பயன்படுத்த இயலுதல்.

இறுதியாகக் கூறப்பட்டதும் உடல்சார்ந்த அளவீடுகளைப் போன்றே முக்கியமானது. காலின் மீது நம்பிக்கை வராதவர்கள் தயங்கித் தயங்கி ஆடுவர். அச்சம் நீங்காவிடில் அதை மறைக்காமல் இயன்முறை மருத்துவரிடம் கூற வேண்டும். இளம் வயதினருக்கு மீண்டும் தசைநார் அறுவதற்கான வாய்ப்பு கூடுதல் என்பதையும், மறுகாலின் தசைநாரும் அறுபட வாய்ப்புண்டு என்பதையும் பயிற்றுநர்களும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும். வரவிருக்கும் ஒரு போட்டிக்காக இரண்டு மாதங்களைக் குறைத்துக்கொள்வது, மற்றுமோர் அறுவை சிகிச்சைக்கும் மற்றுமோர் ஆண்டுக்கும் இட்டுச் செல்லலாம்.

அன்றாட வாழ்வும் பணியும்

படிக்கட்டு: ஏறும்போது நல்ல காலை முதலிலும், இறங்கும்போது அறுவை செய்த காலை முதலிலும் வைக்க வேண்டும். கைப்பிடியைப் பற்றிக்கொள்ள வேண்டும்.

கழிப்பறை: குத்துக்காலிட்டு அமரும் கழிப்பறையைத் தொடக்க மாதங்களில் பயன்படுத்த இயலாது. மேற்கத்தியக் கழிப்பறை இல்லாத வீடுகளில், நடுவில் திறப்புள்ள கழிப்பறை நாற்காலியை அறுவை சிகிச்சைக்கு முன்னரே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

தரையில் அமர்தல்: சம்மணமிடுதல், குத்துக்காலிடுதல், மண்டியிடுதல் ஆகியவற்றை முதல் மூன்று மாதங்களுக்குத் தவிர்க்க வேண்டும். குருத்தெலும்பு தைக்கப்பட்டவர்கள் இன்னும் கூடுதலான காலம் தவிர்க்க நேரிடும். உணவு உண்ணுதல், பூசை, தொழுகை ஆகியவற்றை நாற்காலியில் அமர்ந்தவாறு செய்யலாம்.

வாகனம் ஓட்டுதல்: இருசக்கர வாகனத்தை நிறுத்தும்போது ஒரு காலை ஊன்றி வாகனத்தின் எடையைத் தாங்க வேண்டியுள்ளது, திடீரென அறுவை செய்த காலை ஊன்ற நேர்ந்தால் ஒட்டுநார் பாதிக்கப்படலாம். முதல் ஆறு வாரங்களில் எவ்வகை வாகனத்தையும் ஓட்டாதிருப்பது பாதுகாப்பானது. அதன் பிறகும் மருத்துவரின் ஒப்புதல் பெற்றே ஓட்ட வேண்டும். பயணியாக இருசக்கர வாகனத்தின் பின்னால் அமர்ந்து செல்வதையும் தொடக்கத்தில் தவிர்க்கவும்.

பணி: அமர்ந்து செய்யும் பணிகளுக்கு ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு வாரங்களில் திரும்பலாம், இடையிடையே எழுந்து காலை நீட்ட வேண்டும். நீண்ட நேரம் நின்று செய்யும் பணிகளுக்குக் கூடுதல் காலம் தேவை. வயல்வேலை, கட்டடப்பணி, சுமை தூக்குதல், மரம் ஏறுதல், படகில் செல்லும் மீன்பிடிப் பணி போன்றவற்றிற்கு நான்கு முதல் ஆறு மாதங்களோ, அதற்கும் மேலோ ஆகலாம். அன்றாடக் கூலியை நம்பி வாழும் குடும்பங்கள் அறுவை சிகிச்சைக்கான நாளை முடிவு செய்வதற்கு முன்பே இது குறித்து மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசி, இடைக்காலத்தில் செய்யக்கூடிய இலகுவான பணிகளைத் திட்டமிட்டுக்கொள்ள வேண்டும்.

பராமரிப்பவர்களின் கவனத்திற்கு

நோயாளி வலியால் முகம் சுளிக்கும்போது 'இன்று பயிற்சி வேண்டாம், ஓய்வெடு' என்று கூறுவது அன்பின் வெளிப்பாடே. ஆயினும் முதல் வாரங்களில் அது மூட்டை விறைக்கச் செய்துவிடும். மருத்துவர் பரிந்துரைத்த வலிநிவாரணியை உரிய நேரத்தில் கொடுத்து, அதன் பின் அரை மணி நேரம் கழித்துப் பயிற்சி செய்யத் துணைநிற்பதே பயனுள்ளது. அதேபோல், மூன்று மாதங்களுக்குப் பின் 'நன்றாகத்தானே நடக்கிறாய்' என்று கூறிப் பழைய வேலைகளுக்கு விரைவுபடுத்தலாகாது.

அறுவை செய்த காலில் எண்ணெய் தடவி உருவுதல், முறுக்கிச் சுளுக்கெடுத்தல், இறுகக் கட்டுதல், மூட்டைப் பலவந்தமாக மடக்குதல் ஆகியவற்றை எவரும் செய்யலாகாது. காலின் ஆழ்ந்த இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருக்கும் நிலையில் கெண்டைக்காலை உருவினால், அவ்வுறைகட்டி நகர்ந்து நுரையீரலைச் சென்றடைந்து உயிருக்கே ஆபத்து விளைவிக்கக்கூடும்.

உணவில் பருப்பு, பயறு, முட்டை, மீன், பால் போன்ற புரதம் மிகுந்தவற்றைச் சேர்க்க வேண்டும். காயம் ஆறுவதற்குப் 'பத்தியம்' என்ற பெயரில் இவற்றை விலக்கத் தேவையில்லை. நீரிழிவு உள்ளவர்கள் இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். புகைபிடித்தல் காயமும் ஒட்டுநாரும் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

உடனடியாக மருத்துவமனையை அணுக வேண்டிய அறிகுறிகள்

• 100.4 பாரன்ஹீட் பாகை அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல், குளிர் நடுக்கம்.
• காயத்திலிருந்து சீழ் அல்லது நீர் வடிதல். சிவப்பும் சூடும் அதிகரித்தல்.
• ஓய்வாலும் மருந்தாலும் தணியாமல் கூடிக்கொண்டே செல்லும் வலி.
• கெண்டைக்காலில் வலி, இறுக்கம், புதிதாகத் தோன்றும் வீக்கம்.
• பாதம் வெளிறுதல், குளிர்ந்துபோதல், பாதத்தை மேல்நோக்கி அசைக்க இயலாமை.
• 'டப்' என்ற ஒலியுடன் மூட்டு நழுவுதல். அதனைத் தொடர்ந்து விரைவில் வீங்குதல்.

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமும்போது இரத்தம் வெளிப்படுதல் ஆகியவை நுரையீரலுக்கு இரத்த உறைகட்டி சென்றுள்ளதற்கான அறிகுறிகளாக இருக்கலாம். காத்திருக்காமல் உடனே 108 அவசர ஊர்தியை அழைக்கவும்.

அடிக்கடி எழும் வினாக்கள்

தழும்பின் அருகே தோல் மரத்துப்போயிருக்கிறது, இது ஆபத்தா?
தோலுக்கு உணர்வளிக்கும் சிறு நரம்புக் கிளைகள் அறுவையின்போது பாதிக்கப்படுவதால் இவ்வாறு ஏற்படுகிறது. இது பரவலாகக் காணப்படுவது. காலின் வலுவைப் பாதிப்பதில்லை. பலருக்கு மரத்த பகுதி காலப்போக்கில் சுருங்கும்.

பொருத்தப்பட்ட திருகாணிகளைப் பின்னர் அகற்ற வேண்டுமா?
தொந்தரவு தராவிடில் பெரும்பாலும் அகற்றத் தேவையில்லை.

முழங்கால் பட்டை எவ்வளவு காலம் அணிய வேண்டும்?
அறுவை சிகிச்சையின் தன்மையைப் பொறுத்து இது மாறுபடும். மருத்துவர் கூறிய காலத்திற்கு மட்டும் அணியவும். தசைப்பயிற்சிக்கு மாற்றாகப் பட்டையை நம்பலாகாது.

முழங்கால் முன்பிருந்தது போலவே ஆகிவிடுமா?
பயிற்சியை முழுமையாகச் செய்பவர்களில் பெரும்பாலானோர் அன்றாடப் பணிகளை இடரின்றிச் செய்ய இயலும். ஆனால் எல்லோரும் பழைய அளவிலான விளையாட்டிற்குத் திரும்புவதில்லை. தசைநார் அறுந்த முழங்காலில், அறுவை சிகிச்சை செய்திருப்பினும், பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானம் ஏற்படும் வாய்ப்பு கூடுதலே. உடல் எடையைக் கட்டுக்குள் வைத்தலும் தொடைத் தசைப் பயிற்சியை வாழ்நாள் முழுதும் தொடர்வதும் அதற்கான பாதுகாப்பு.

உதவி பெற

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் உள்ள இயன்முறை சிகிச்சைப் பிரிவுகளை அணுகலாம். வேறு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை பெற்றிருப்பினும், விடுவிப்புச் சுருக்கத்தையும் ஸ்கேன் அறிக்கைகளையும் உடன் எடுத்துச் செல்லவும். நாள்தோறும் வர இயலாதவர்கள், வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளை எழுதி வாங்கிக்கொண்டு, குறிப்பிட்ட இடைவெளியில் வந்து காட்டலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவு செய்துள்ளவர்கள், தமது சிகிச்சை அதில் அடங்குமா என்பதை மருத்துவமனையிலுள்ள திட்ட உதவி மையத்தில் அறுவை சிகிச்சைக்கு முன்னரே கேட்டறியவும். உடல்நலம் தொடர்பான ஐயங்களுக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

இங்கு தரப்பட்டுள்ள கால அளவுகள் பொதுவான வழிகாட்டுதல்களே. ஒவ்வொரு முழங்காலும் வேறுபட்டது. தங்களுக்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் கூறும் அறிவுரை இதனின்று மாறுபடுமாயின், அவர்கள் கூறுவதையே பின்பற்றவும்.